மஞ்சள் இலைக்கு என்ன இனம்?

முந்தநாள் காலை பக்கத்து வீட்டு ஹாஜியார் எங்கள் படலையைத் தட்டினார். முகம் வாடியிருந்தது. வலக்கையில் எதையோ பொத்திப் பிடித்திருந்தார்.

அது என்ன என்று பிறகு சொல்கிறேன். அதற்கு முன் எங்கள் முற்றத்து மரத்தின் சுகயீனத்தைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பக்கத்து வீடு என்றா சொன்னேன்? கண்டியில் பக்கத்து வீடு என்று ஒன்று ஏது? மேல்வீடு, கீழ்வீடுதான். அக்குறணைக்குப் போகும் வழியில் ஒரு மலைச்சரிவில் நாங்கள் மேலே, ஹாஜியார் கீழே. எங்கள் முற்றமும் அவருடைய கூரையும் ஏறக்குறைய ஒரே உயரம். நடுவில் ஒரு கருங்கல் மதில். இந்த விபரத்தை மறந்துவிடாதீர்கள். நான் மறந்துவிட்டுத்தான் இந்தப் பாடு பட்டேன்.

வீட்டை வாங்கிய புதிதில் என் மனைவி சிவநிதி மதிலோரம் ஒரு ஜமநாரங் கன்று நட்டாள். ஏறக்குறைய அதே காலத்தில் ஹாஜியார் தன் பக்கத்து மதிலடியில் ஒரு பிபிலைத் தோடை நட்டார். யாழ்ப்பாணத்து ஆட்களான எங்களுக்கு இரண்டுமே தோடம்பழம்தான். வித்தியாசம் என்னவென்றால், ஜமநாரங்கை விரலால் உரிக்கலாம், பிபிலைக்குக் கத்தி வேண்டும்.

அவருடையது காய்த்தது. எங்களுடையது மஞ்சளித்தது.

ஒரு மரம் மஞ்சளித்தால் உலகமா கவிழ்ந்துவிடும்? எங்கள் வீட்டில் கவிழும். கொழும்பிலிருந்து வரும் மகனுக்குக் கார் நிறுத்த இடமில்லை. "காய்க்காத மரத்தை வச்சு என்னப்பா செய்யிறியள்? வெட்டிப்போட்டு கொங்கிறீட் போடுவம்" என்றான். சொன்னதோடு நிற்கவில்லை. மேசன் பாஸ் ஒருவரைக் கூட்டி வந்து முற்றத்தை அளந்தும்விட்டான்.

அன்று மத்தியானம் சிவநிதி என் கோப்பையில் சோற்றைப் போட்டுவிட்டு எதிரே நின்றாள்.

"மன்னார், வவுனியா, திருகோணமலை... உங்கட ட்ரான்ஸ்பருக்குப் பின்னால போன எல்லாக் குவாட்டர்சிலயும் நான் மரக்கண்டு நட்டனான். அது காய்க்கிற நேரம் பார்த்து அடுத்த ட்ரான்ஸ்பர் வரும். நான் நட்ட மரத்தில ஒரு பழம் நான் பிடுங்கித் திண்டதில்லை. எல்லாம் ஆரோ திண்டினம். இது சொந்த வீடு. இந்த மாரி முடியுமட்டும் ஒருத்தரும் அதில கை வைக்கக்கூடாது."

இவ்வளவு நாளும் இதை இவள் ஒரு சொல்லாகக்கூடச் சொன்னதில்லையே!

ஆகவே, மாரி முடிவதற்குள் மரம் தேற வேண்டும். என்ன செய்வது? இந்தக் காலத்துப் படித்த மனிதன் என்ன செய்வானோ அதைத்தான் நானும் செய்தேன். ஒரு மஞ்சள் இலையைப் படம் பிடித்து வட்ஸ்அப் தோட்டக் குழுவில் போட்டேன்.

மஞ்சள் நடுவிலா, ஓரத்திலா? அடியிலுள்ள இலையா, நுனியிலுள்ள இலையா? ஒருவராவது கேட்டாரா? கேட்கவில்லை. வந்த முதல் கேள்வி —

"என்ன இனம்?"

ஆகா! இந்த நாட்டில் எந்தப் படிவத்தை நீட்டினாலும் அதுதானே கேள்வி. பெயர், விலாசம், இனம். மனிதர்தான் தப்பவில்லை என்றால், பாவம், மரமும் தப்பவில்லை.

ஜமநாரங் என்றேன். தீர்ப்புகள் வந்து குவிந்தன. அது சோம்பேறி இனம். அது பெருந்தீனி இனம். இல்லையில்லை, தீனி கொடுத்தால் கொழுத்துப்போய்க் காய்க்காத இனம். நோயாளி முற்றத்தில் கிடக்க, இவர்கள் வம்சத்தை விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

என்னோடு கந்தோரில் வேலை பார்த்த முருகேசு தெல்தெனியவிலிருந்து நேரிலேயே வந்துவிட்டார். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். மரத்தை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"யூரியா போடுங்க சார். எங்க தோட்டத்துல கொழுந்து வரலேன்னா அதான் போடுவாங்க."

"முருகேசு, இது தேயிலை இல்லை. எனக்குக் கொழுந்து வேண்டாம், பழம் வேணும்."

"மொதல்ல கொழுந்து வரட்டும் சார். பழத்த அப்புறம் பாத்துக்குவோம்" என்று சொல்லிவிட்டு இரண்டு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

கீழேயிருந்து ஹாஜியாரும் சும்மா இருக்கவில்லை. அக்குறணையில் புடைவைக் கடை வைத்திருப்பவர். துணியைப் போலவே மரத்தையும் சாதி பார்த்துத்தான் பேசுவார்.

"சேர், நான் செல்றேன்டு கோவிச்சிக்க வாணாம். ஒங்கட நாரங் சாதி இந்த மண்ணுக்கு ஒத்து வராது. சாதின்டா பிபிலைதான். நான் ஒரு புடி ஒரம் போட்டதில்ல. தானாக் காய்க்கிது. எல்லாம் அல்லாட பரக்கத்து."

அந்த இறைவனின் அருள் மதிலுக்கு அந்தப் பக்கம் மட்டும் ஏன் இறங்குகிறது என்று கேட்க வாய் வந்தது. அயலவர் பகை வேண்டாம் என்று அடக்கிக்கொண்டேன்.

கடைசியில் விவசாயப் போதனாசிரியர் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்தேன். அவர் ஒருவர்தான் உருப்படியான கேள்வி கேட்டார். "கீழ் இலை மஞ்சளா, கொழுந்து மஞ்சளா?"

கீழ் இலை மஞ்சளித்தால் நைதரசனோ மக்னீசியமோ குறைவாம். மரம் பழைய இலையிலிருந்து உருவிப் புது இலைக்குக் கொடுக்கிறதாம். கொழுந்து மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்போ நாகமோ குறைவாம். இனத்துக்கு இனம் அளவு கொஞ்சம் கூடும், குறையும். மற்றப்படி பசி ஒன்றுதான்.

இதை அப்படியே குழுவில் போட்டேன். நான் செய்த பிழை அது. நாகம் என்றால் நம் பாடப்புத்தகத்தில் துத்தநாகம். ஆனால் குழுவில் ஒரு அக்காவுக்கு அது வேறு நாகமாகத் தெரிந்திருக்கிறது. "நான் அப்பவே நினைச்சனான் தம்பி. நாகதோசம். புத்துக்குப் பால் ஊத்துங்கோ" என்று எழுதினார். கீழே பன்னிரண்டு கும்பிட்ட கைகள்.

எங்களுடையது கீழ் இலை. ஆகவே டொலமைட் வாங்கினேன், அதுதான் மக்னீசியம் கலந்த அந்த வெள்ளைச் சுண்ணாம்புத் தூள். பழமரக் கலவை உரமும் வாங்கினேன். வானம் கறுக்கும்வரை காத்திருந்து, முதல் இடி இடிக்கும்போது ஓடிப்போய் மரத்தடியில் கொட்டினேன். மழை பார்த்து உரம் போடு, மழையே கரைத்து வேருக்குக் கொடுக்கும். எங்களூர்த் தோட்டத்தில் நான் கண்ட வித்தை இது. இப்படி ஒவ்வொரு மழைக்கும் கொட்டினேன்.

எங்கள் மரம் இன்னும் மஞ்சளித்தது. ஹாஜியாரின் மரம் கிளை முறியக் காய்த்தது. "சாதி, சேர், சாதி!" என்று கீழேயிருந்து சிரித்தார்.

ஒருநாள் நல்ல மழை. நான் கடமையை முடித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தேன். குசினி யன்னலில் நின்ற சிவநிதி கூப்பிட்டாள்.

"இஞ்சேருங்கோ. ஒருக்கா வந்து பாருங்கோ."

போய்ப் பார்த்தேன். எங்கள் மரத்தடியிலிருந்து பால் போல வெள்ளைத் தண்ணீர் சரிவில் ஓடியது. மதிலில் தண்ணீர் வடிய விட்ட துவாரத்துக்குள் புகுந்தது. அந்தப் பக்கம் நேரே ஹாஜியாரின் பிபிலைத் தோடையின் காலடியில் விழுந்தது.

நான் கொட்டிய டொலமைட். ஒரு தூள் மிச்சமில்லை. இதற்கு முன் சிவநிதி போட்ட சாணமும் குப்பையும்கூட இதே வழிதான் போயிருக்கும்.

"நீங்கள் கந்தோரில என்ன வேலை பாத்தனீங்கள்?" என்று கேட்டாள்.

அவளுக்குத் தெரியாததா? நீர்ப்பாசனக் கந்தோரில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கணக்குப் பார்ப்பதுதான் இந்த ஐயாவின் வேலை.

"அதுக்குப் பென்சனும் தருகினம்" என்றாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "பாத்தியளே, இஞ்சையும் நான் நட்டதின்ர சாப்பாட்டை ஆரோ திண்டினம்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சமதரையில் படித்த வித்தையை மலையில் காட்டினால் இப்படித்தான். அது கிடக்கட்டும். நன்றாகத் தழைத்து நிற்கும் எவனைக் கேட்டாலும் தன் சாதியின் மகிமை என்றுதானே சொல்கிறான்? மதிலுக்கு மேலே யாருடைய உரம் என்று யார் பார்க்கிறார்கள்?

மறுநாளே மரத்தின் பள்ளப் பக்கம் கல் அடுக்கிப் பிறைபோல ஓர் அணை கட்டினோம். மேட்டுப் பக்கம் ஒரு சிறு வடிகான் வெட்டி மழைத் தண்ணீரைத் திருப்பினோம். உரத்தை மழை விட்ட பிறகு, கிளை நிழல் விழும் ஓரத்தில், கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுச் சருகால் மூடினோம். அதே டொலமைட். அதே 'சோம்பேறி இனம்'.

மாரி முடிவதற்குள் கொழுந்து பச்சையாக வந்தது. பிறகு பூத்தது. மகன் வந்து பிஞ்சுகளைப் பார்த்தான். காரைத் தெருவில் நிறுத்தினான். மேசன் பாஸுக்கு வேறு வேலை கிடைத்திருக்கும்.

போன கிழமை சிவநிதி முதற்பழத்தைப் பிடுங்கினாள். மரத்தடியிலேயே நின்று உரித்தாள். எனக்கு ஒரு சுளை தருவாள் என்று கையை நீட்டிக்கொண்டு நின்றேன். தரவில்லை.

"புளிக்குதோ?" என்று கேட்டேன்.

"புளிக்குது" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த சுளையை வாயில் போட்டாள்.

இப்போது ஹாஜியாரின் கைக்கு வருவோம். முந்தநாள் படலையடியில் அவர் விரல்களை விரித்தார். உள்ளே ஓர் இலை. மஞ்சள் இலை.

"சேர், எங்கட மரத்துல இந்த மொற ஒரு பிஞ்சும் நிக்கல்ல. இல எல்லாம் இப்பிடித்தான் ஈக்கிது. என்ன கொறைன்டு வெளங்கல்ல."

கண்ணாடியைப் போட்டேன். இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கீழ் இலை! எத்தனை மாதம் எங்கள் மரத்தின் சாதியைக் கழுவி ஊற்றினார்? இப்படி ஒரு சந்தர்ப்பம் இனிக் கிடைக்குமா? மிகுந்த பொறுப்புடன் சொன்னேன்.

"ஹாஜியார், இது இனப்பிரச்சினை."

சிவநிதி விட்டால்தானே! உள்ளேயிருந்து மீதி டொலமைட் பையைத் தூக்கி வந்து அவர் முன்னால் வைத்தாள்.

"அண்ணை, இவர் சும்மா பகிடி விடுறார். இவ்வளவு நாளும் உங்கட மரம் எங்கட வீட்டுச் சாப்பாட்டைத்தான் திண்டது. மதில் ஓட்டையால வந்தது. இப்ப நாங்கள் அணை கட்டிப்போட்டம். இனி நீங்கள்தான் போட வேணும்."

ஹாஜியார் பையைப் பார்த்தார். மதிலைப் பார்த்தார். எங்கள் மரத்தைப் பார்த்தார்.

"அப்ப... அந்த பரக்கத்து?"

"மேலேயிருந்துதான் வந்தது, ஹாஜியார்" என்றேன்.