பூஜை அடுக்கில் இருந்த கறுப்புப் படம்

1997-இல் சரஸ்வதி பூஜை அன்று, வடக்கே தலைநகரில், லக்ஷ்மிபாய் நகரில் எங்கள் மாடி வீட்டு அண்ணாச்சி, பணி ஓய்வு பெற்று குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு திருநெல்வேலிக்குப் புறப்பட்டார். மாலை வண்டி.

அதற்கு ஒரு வாரம் முன்பு என்னிடம் சின்னப் படம் ஒன்றைக் கொடுத்திருந்தார். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய தாளில் யாரோ ஒரு வெள்ளைக்காரரின் மார்பளவு உருவம். மெஸோடின்ட் என்பார்கள். செப்புத் தகடு முழுவதையும் சொரசொரப்பாக்கி, வெளிச்சம் விழவேண்டிய இடங்களை மட்டும் வழித்து மழுக்கி அச்சிடுவது. கறுப்பு, வெல்வெட் போல இருந்தது. அடியில் மயிரிழை எழுத்தில் வெளியிட்ட தேதி. ஆண்டின் கடைசி இலக்கம் வெறும் கண்ணுக்குப் பிடிபடவில்லை.

"எந்த வருசம்னு பாத்துச் சொல்லும் வேய். மக கேப்பா" என்றார். எதற்கும் நோட்டில் தேதி குறித்துவைப்பவன் என்று எனக்குக் கட்டடத்தில் ஒரு பெயர் இருந்தது.

பூதக்கண்ணாடி வாங்குவதைத் தள்ளிப்போட்டேன். பூஜையன்று காலையில்தான் சரோஜினி நகரில் வாங்கி வந்தேன். அதற்குள் என் மனைவி புத்தகங்களை அடுக்கிச் சந்தனம் வைத்துவிட்டாள். படம் அடுக்கின் நடுவில், நான் பத்திரமாக வைத்திருந்த அகராதிக்குள்.

"தொடாதீங்க. நாளைக்குக் காலையிலதான் எடுக்கணும்."

"அது புத்தகம் இல்ல, படம்."

"அடியில எழுத்து இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"

மூன்று மணிக்கு அண்ணாச்சி இறங்கி வந்தார். "என்ன வேய், ஒரு வாரமா அடைகாக்கீரே, குஞ்சு பொரிச்சிட்டா? ஜல்தி குடும், டாக்ஸி நிக்கி."

நான் அடுக்கைக் காட்டினேன். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "அப்ப இருக்கட்டும்" என்றார். குரல் இறங்கிவிட்டது.

என் மனைவி கொஞ்சம் யோசித்தாள். "அண்ணாச்சி பொருளை அவரைக் கேக்காம நம்ம பூஜையில வெச்சது தப்பு. எடுத்துக் குடுங்க." நான் படத்தோடு ஜன்னல் பக்கம் நகர்ந்தேன். "குடுக்கத்தான் சொன்னேன். படிக்கச் சொல்லல" என்றாள்.

அண்ணாச்சி சிரித்தார். படிக்காமலே கொடுத்தேன், பூதக்கண்ணாடியையும் சேர்த்து.

பத்து நாள் கழித்து அஞ்சலட்டை வந்தது. 'விஜயதசமி காலை, இட்டார்சி தாண்டி, முதல் படிப்பு இதுதான்: 1814. கடைசி எண் நாலா, ஒன்றா என்று எதிர் சீட்டுக்காரருக்கும் எனக்கும் நாக்பூர் வரை வழக்கு. நாலுதான்.'

நோட்டில் ஏறிய ஆண்டுகளில் அது ஒன்றுதான் நான் கண்ணால் பார்க்காதது. அதனால் அதை மட்டும் பென்சிலால் எழுதினேன்.