ராஜாவின் ஒரு தாவல்

அபர்டீன் பஜாருக்கு மேலே இருந்த எங்கள் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் கிடையாது. எனக்குத் தெரிந்து எங்கள் தீவிலேயே கிடையாது. அதனால் சதுரங்கம் ஆடும் கம்ப்யூட்டர் ஒன்றை நானே நாற்பத்தொரு அட்டைகளில் எழுதினேன்.

மெட்ராசில் பாலிடெக்னிக் படித்தபோது ஒரு பத்திரிகையில் வாசித்திருந்தேன். வெளிநாட்டில் சதுரங்கம் ஆடும் இயந்திரத்தைச் சோதிக்க, பழைய மேதைகளின் ஆட்டத்தில் எல்லோரையும் வியக்கவைத்த நகர்வுக்கு முந்தைய நிலையைக் கொடுப்பார்களாம். அதே நகர்வை அது கண்டுபிடிக்க வேண்டும். என் அட்டை ஒவ்வொன்றிலும் ஒரு கேள்வி, அதற்கு மதிப்பெண். முக்கியமானது இது: எதிராளி பதில் ஆடிய பிறகு அவர் ராஜாவுக்குப் போக எத்தனை கட்டம் மிச்சம்? குறைந்தால் மதிப்பெண் கூடும். நான் எண்ணுவது மட்டும்தான். சொந்த யோசனையைச் சேர்ப்பதில்லை. அப்படிப்பட்ட பன்னிரண்டு பழைய நிலைகளைக் கொடுத்துப் பார்த்ததில், அட்டைக்கட்டு ஏழில் தேறியது. தவறிய ஐந்தும் நோட்டில் இருந்தன.

அந்த மாதம் கடல் தாண்டி மெயின்லேண்டில் கம்ப்யூட்டர் பயிற்சிக்கு எங்களுக்கு ஓர் இடம் வந்தது. படிவத்தில் எங்கள் மேலதிகாரி ஹெட் டிராஃப்ட்ஸ்மேன் கையெழுத்திட்டு, சனிக்கிழமைக் கப்பலில் அது போக வேண்டும். அவர் திருநெல்வேலிக்காரர். படிவத்தை அவரிடம் நீட்டினேன்.

“பொம்பளப் பிள்ள தனியா கப்பல் ஏறிப் போயி என்னம்மா கிழிக்கப் போற?” என்றார். பிறகு தன் பழைய ஆட்டப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திறந்தார். “இந்த நெலமையில இருந்து ஒன் அட்டக்கட்டு என்னைய ஜெயிக்கட்டும். கையெழுத்துப் போடுதேன்.”

புதன்கிழமை சாப்பாட்டு வேளையில் ஆடினோம். அட்டைகள் புத்தகத்தில் இருந்த நகர்வையே தேர்ந்தன: செக் வைக்காமல் யானையைச் சும்மா தூக்கிக் கொடுப்பது. வெட்டினாலும் அடுத்து மேட், விட்டாலும் மேட். அவர் வெட்டவில்லை. ராஜாவை எடுத்து, குதிரைபோல் தாவவைத்து வெளியே கொண்டுபோனார்.

“ராஜா அப்படிப் போகாது சார்.”

“எங்கூர்ல போகும். செக் வாங்காத ராஜா ஒரு தடவ தாவலாம். எங்கப்பா அப்படித்தான் ஆடுவாரு.”

பக்கத்தில் நின்ற வங்காளி டைப்பிஸ்ட் சிரித்தார். “ராஜா பாக் கயா, தீதி. மெஷின் ஃபெயில்.” ராஜா ஓடிவிட்டாராம்.

நான் வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்தேன். “உங்க ஊர் விதியிலேயே நாளைக்கு இதே நிலைலேருந்து மறுபடி ஆடறேன் சார். வேற ஏதாவது விதி இருந்தா இப்பவே சொல்லிடுங்க.”

சிப்பாய் ஒரு கட்டம்தான் நகரும் என்றார். இரண்டையும் எழுதி அவர் முன் வைத்தேன்.

“கீழ கையெழுத்துப் போடுங்க.”

“இதுக்குமா?”

“நாளைக்குப் படிவத்துல போடறதுக்குப் பழக்கமா இருக்கும்.”

சிரித்துக்கொண்டே பெரிதாகப் போட்டார்.

வியாழன் காலை, ஷாதிபூரில் என் வீட்டில், நாற்பத்திரண்டாவது அட்டையை எழுதினேன்: ராஜாவின் தாவல். அதே நிலையை மறுபடி எண்ணினேன். யானையைக் கொடுத்தால் இப்போது ராஜாவுக்கு இரண்டு கட்டம் மிச்சம். அதைவிட அதிக மதிப்பெண் பெற்றது, நான் வீண் என்று ஒதுக்கியிருக்கக்கூடிய ஒரு பிஷப் செக். ஒரு சிப்பாய் குறுக்கே வந்தால் அந்தச் செக் முடிந்துபோகும். ஆனால் செக் வாங்கிய ராஜா அப்புறம் தாவ முடியாது. இது எனக்குத் தோன்றவே இல்லை. அட்டை எண்ணிச் சொன்னது.

மதியம் பிஷப்பை நகர்த்தினேன். அவர் யோசிக்காமல் சிப்பாயைக் குறுக்கே வைத்தார். யானையைக் கொடுத்தேன். அவர் கை ராஜாவின் தலைவரை போய் நின்றது.

“செக் வாங்கிட்டாரு சார் உங்க ராஜா.”

“அப் கஹாங் ஜாயேகா?” என்றார் டைப்பிஸ்ட், இம்முறை அவரைப் பார்த்து. இனி எங்கே போகும் என்று அர்த்தம்.

“யாரு சொல்லிக் குடுத்தது?” என்று ஹெட் டிராஃப்ட்ஸ்மேன் என்னைக் கேட்டார்.

“நாப்பத்திரண்டாவது அட்டை.”

என் நோட்டைப் புரட்டினார். “இதுல அஞ்சு தோத்துருக்குல்லா?”

“ஆமா. அந்தப் பட்டியலையும் படிவத்தோட சேர்த்து அனுப்பறேன். அது ஏன் தோத்துச்சுன்னு கத்துக்கத்தான் போறேன்.”

பேனாவைத் திறந்தார். விதித்தாளில் போட்டதைவிடக் கையெழுத்து சிறியதாக விழுந்தது. கப்பலுக்கு அது போதும்.