குன்று என்று நான் எழுதிய படம்

சூடான பிளாஸ்டிக் வாசம்... பஸ் ஸ்டாண்டு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் மிஷின் ஒவ்வொரு படமாக விழுங்கி வெளியே தள்ளும். ஆறுவதற்குள் கையில் வாங்கிக்கொள்வேன். விரல் சுடும். ஆனாலும் காத்திருக்கப் பொறுமை இருக்காது.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. பி.எட். முடித்த கையோடு திண்டுக்கல்லில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்கு சமூக அறிவியல் டீச்சர். பாடப்புத்தகத்தில் மலையும் பீடபூமியும் ஒரே மாதிரி கறுப்பாக அச்சாகியிருக்கும். அதனால் பழைய பேப்பர் கடையில் இங்கிலீஷ் பத்திரிகைகளைக் கிளறி, பீடபூமி, பள்ளத்தாக்கு, கழிமுகம், தீவு என்று முப்பது படங்கள் வெட்டி எடுத்தேன். சிலவற்றுக்குக் கீழே பெயரே இல்லை. பார்த்ததும் தோன்றியதை நானே பின்பக்கம் எழுதி லேமினேட் செய்துவிட்டேன்.

பிள்ளைகளுக்கு அந்த பீரியட் என்றால் உயிர். படத்தைத் தூக்கிக் காட்டினால் நாற்பது குரல்கள் ஒன்றாக எழும்பும்.

மாவட்ட அளவில் ஒரு போட்டி வந்தது. படத்தைப் பார்த்து என்ன நிலத்தோற்றம் என்று சொல்ல வேண்டும். வகுப்புக்கு ஒருவர்தான் போகலாம். தேர்வு வைத்ததில் ஸ்டீபனும் வேணியும் சமமாக நின்றார்கள். வேணி நிலக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். வீட்டில் மல்லிகைத் தோட்டம். அதிகம் பேச மாட்டாள்.

கடைசிப் படம். விமானத்திலிருந்து எடுத்தது. வெட்டவெளியில் வட்டமாக ஒன்று, சுற்றிலும் சில மரங்கள்.

ஸ்டீபன், "குன்று."

வேணி, "பள்ளம் டீச்சர்."

பின்பக்கம் திருப்பினேன். குன்று. என் கையெழுத்து.

"இல்ல டீச்சர்... மரத்து நெழலெல்லாம் இடது பக்கம் விழுகுது. அப்ப வெயிலு வலது பக்கம். மேடா இருந்தா வலது பக்கம் வெளிச்சமா இருக்கணும்ல? அங்கனதான் இருட்டா இருக்கு. எங்க கெணத்துலயும் வெயிலு வர்ற பக்கத்துச் செவருதான் இருட்டா கெடக்கும்."

"பின்னாடி எழுதியிருக்கு பாரு. உக்காரு."

உட்கார்ந்துவிட்டாள். ஸ்டீபனுக்கு வகுப்பே கைதட்டியது.

என்னால்தான் உட்கார முடியவில்லை. அடுத்த பீரியடில் என்ன நடத்தினேன் என்றே நினைவில்லை. வீட்டுக்குப் போனதும் இரண்டு கிண்ணங்களை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினேன். ஒன்றை நிமிர்த்தி, ஒன்றைக் கவிழ்த்து, சாயங்கால வெயிலில் வைத்தேன். அம்மா மேலே வந்து பார்த்துவிட்டு, "வத்தல அள்ளிட்டு வாடின்னா கிண்ணத்த வச்சு வெளயாடிக்கிட்டு இருக்க?" என்றாள்.

கவிழ்த்த கிண்ணத்தில் வெயில் பட்ட பக்கம் பளிச்சென்று இருந்தது. நிமிர்ந்த கிண்ணத்தின் உள்ளே, வெயில் வரும் பக்கம்தான் இருட்டு.

படத்தில் இருந்தது பள்ளம்.

மறுநாள் காலை மணி அடிக்கும் முன்பே ஹெச்.எம். அறை வாசலில் நின்று, நடந்ததைச் சொன்னேன். "லிஸ்ட் நேத்தே போயிருச்சும்மா. அந்தப் பையன்கிட்டயும் சொல்லியாச்சு. இனி அவன்ட்ட போயி நீ இல்லன்னு சொல்வியா? விடு, சின்னப்புள்ள, மறந்துரும்."

வகுப்புக்குப் போனேன். வேணி வரவில்லை. என்னால்தான் வரவில்லையோ...

சனிக்கிழமை நிலக்கோட்டை பஸ் ஏறினேன். சீட் கிடைத்தும் பாதி தூரம் நின்றுகொண்டே போனேன்.

வேணியும் அவள் அம்மாவும் பூப்பறித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா பதறிப்போய் வந்தார். "முகூர்த்த நாளு டீச்சர், ஆளு பத்தல. அதான் நேத்து அனுப்பல. அதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தீக?"

நிம்மதியாக மூச்சு விட்டேன். அவரே தொடர்ந்தார். "ஆனா வியாழக்கெழம வந்ததுலேருந்து இவ கெணத்தையே எட்டி எட்டிப் பாக்கா டீச்சர். 'அம்மா, எனக்குக் கண்ணு சரியாத் தெரியுதா'ன்னு எங்கிட்டக் கேக்கா. டவுனுக்குக் கூட்டிட்டுப் போயி காட்டணுமோன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

ஒரு மார்க் போனது பெரிதில்லை. தன் கண்ணையே நம்பாமல் போய்விட்டாளே பிள்ளை.

"வேணி, உன் கண்ணு நல்லாத்தான் இருக்கு. நீ சொன்னதுதான் சரி. டீச்சர்தான் தப்பா எழுதிட்டேன். போட்டிக்கு இனிமே உன்னை அனுப்ப முடியாது... மன்னிச்சுக்கோ."

அவள் கையிலிருந்த பூவைக் கூடையில் போட்டாள். "இத கிளாஸ்ல சொல்வீகளா டீச்சர்?"

போட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

திங்கட்கிழமை நாற்பது பிள்ளைகள் முன்னால் சொன்னேன். காது மடலெல்லாம் சுட்டது. ஸ்டீபன் தலையைக் குனிந்துகொண்டான். "உன் மேல தப்பு இல்லப்பா" என்றேன். பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல், "அப்ப மத்த படமும் தப்பா இருக்குமா டீச்சர்?"

யாருக்குத் தெரியும்?

அந்த வாரம் முழுக்க முப்பது படங்களையும் பிரித்துக் கொடுத்து, பின்பக்கம் பார்க்காமல் அவர்களையே கண்டுபிடிக்கச் சொன்னேன். ஒரே சண்டை. ஒருத்தி மேஜை மேல் ஏறி நின்று வாதாடினாள். இன்னும் இரண்டு படங்கள் தப்பு என்று தெரிந்தது. போர்ஷன் பின்தங்கி ஹெச்.எம்.மிடம் திட்டு வாங்கினேன். ஸ்டீபன் போட்டிக்குப் போய்ப் பரிசில்லாமல் திரும்பினான். அடுத்த வருஷம் எனக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. வேணி இப்போது எங்கே இருக்கிறாளோ...

இப்போது என் வகுப்பில் ஸ்மார்ட் போர்டு இருக்கிறது. ஒரு தொடலில் உலகத்து எரிமலையெல்லாம் வந்து நிற்கிறது. எல்லாப் படத்துக்கும் கீழே பெயர், நாடு, விளக்கம். தப்பே இருப்பதில்லை. பிள்ளைகள் முதலில் பெயரை வாசிக்கிறார்கள், அப்புறம்தான் படத்தைப் பார்க்கிறார்கள். சில பேர் அதையும் பார்ப்பதில்லை.

ஒரு சத்தமும் இல்லாமல் பாடம் சீக்கிரமே முடிந்துவிடுகிறது. மிச்ச நேரத்தில் என்ன செய்வதென்று தெரியாமல், வகுப்பின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் நடந்துகொண்டிருக்கிறேன்...