ஆறு குடமும் என் இரட்சிப்பும்

மூச்சுவிட முடியாத ஒரு மனிதரின் வீட்டுக்குத் தண்ணீர் சுமப்பதை, என் ஆத்துமாவின் நலன் கருதி நான் நிறுத்தினேன். இதை ஒப்புக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. அப்போது பெருமையாக இருந்தது என்பது அதைவிட வெட்கம்.

கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் பாலகாட் லைனில் பத்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர் டேங்கர் வரும். அந்த மனிதர் எங்கள் எதிர்வீட்டுக்காரர், எங்கள் சபைக்காரர், சுரங்கக் கூரை இடியாமல் மரம் முட்டுக்கொடுத்தவர். நெஞ்சு நிறையக் கல்தூசியோடு ரிட்டையர் ஆனவர், தனி ஆள். அவருக்கு ஆறு குடம் நான் எடுத்துப்போய் ஊற்றுவது வழக்கம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பெண்கள், "உங்களுக்குப் பரலோகத்துல மாடி வீடே இருக்கும்ணா" என்பார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். குனிகிற கோணத்தைக் கண்ணாடியில் பார்த்துப் பழகியிருந்தேன்.

இதற்கிடையில் எனக்குப் படிக்கிற வியாதி. விசுவாசத்தால் மட்டுமே மீட்பு, கிரியைகளால் அல்ல என்று தடித்தடியான புத்தகங்கள் சொல்லின. எனக்குத் திக்கென்றது. குடம் குடமாக ஊற்றிக் கிருபையை விலைக்கு வாங்கப் பார்க்கிறேனோ? இடுப்பு வலிக்கத் தொடங்கியிருந்த நேரம் அது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த டேங்கர் நாளில் வெறுங்கையோடு அவர் கட்டிலருகே முழங்கால் போட்டேன். "மாமா, இன்னிக்குக் குடம் இல்ல. விசுவாசத்தோட ஜெபம் மட்டும்."

அவர் என்னைப் பார்த்தார், வாசலில் இருந்த காலி டிரம்மைப் பார்த்தார். "பண்ணுப்பா. சுருக்கமா பண்ணு. டேங்கர்காரன் நிக்க மாட்டான்."

சுருக்கமாக ஜெபிப்பது எங்கள் சபையில் விசுவாசக் குறைவு. ஆபிரகாமில் ஆரம்பித்தேன். ஆமென் சொன்னபோது தெருவில் டேங்கர் இல்லை.

மறுநாள் காலை ராபர்ட்சன்பேட்டைக்குப் பஸ் பிடிக்கப் போகையில், எப்போதாவது சொட்டும் தெருமுனைக் குழாயடியில் கூட்டம். மாமா மண்ணில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் காலிக் குடம். உதடு நீலம். விசில் மாதிரி மூச்சு. பக்கத்து வீட்டுப் பௌத்தக் குடும்பத்துப் பெண் அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். மாத்திரை விழுங்க வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர்கூட இல்லாமல், தானே எடுத்துவரக் கிளம்பியிருக்கிறார்.

ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மாஸ்க் மாட்டி ஆக்சிஜன் வைத்தார்கள்.

வராந்தாவில் அந்தப் பெண் கேட்டாள். "இன்னாண்ணா, நேத்து நீங்க தண்ணி எடுக்கலியே. கை வலியா?"

நான் விசுவாசம், கிரியை, கிருபை மூன்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அப்ப உங்க சாமி சும்மாவே குடுத்துடுவாரா?"

"ஆமாம்மா. இலவசம்."

"நல்ல சாமிதான். எங்களுக்கு அந்த வசதி இல்லண்ணா. தண்ணி வோணும்னா குடம் தூக்கணும்."

நாலாம் நாள் மாமா வீடு திரும்பினார். அடுத்த டேங்கர் வந்ததும் வரிசையில் முண்டியடித்து, இரண்டு குடத்தோடு அவர் வாசலில் நின்றேன். டிரம் ஏற்கெனவே தளும்பிக்கொண்டிருந்தது. மன்னிப்புக் கேட்கத் தயாரித்து வைத்திருந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையமர்த்தினார்.

"உடு தம்பி. இனிமே அந்தப் பொண்ணே கொண்டாந்து ஊத்துதாம். அது கொண்டார்றது முழுக் குடம்பா. நீ ஊத்தனதெல்லாம் அரைக் குடம்தான். சபையில அவ்ளோ புகழ்றாங்களேன்னு நான் சொம்மா இருந்தேன்."