அம்மனுக்குச் சாத்திய லைஃப் ஜாக்கெட்

தேவநாதன் முப்பது வருஷம் சென்னைத் துறைமுகத்தில் லாஞ்சு ஓட்டியவர். ஓய்வு பெற்றதும் அவர் குடியேறத் தேர்ந்தெடுத்த ஊர் திண்டிவனம். நல்ல தேர்வுதான். அங்கே படகு விட வேண்டுமென்றால், ஏரியில் ஆகாயத்தாமரையை விலக்கித் தண்ணீர் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

சுனாமி வந்துபோன மறு வருஷம், அந்த ஊரில் ஞாயிறுதோறும் படகுப் பாதுகாப்பு வகுப்பை இலவசமாக ஆரம்பித்தார். கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் பெஞ்சுதான் படகு. வந்தவர்களில் பாதிப் பேர் ஃபேன் காற்றுக்கும் மீதிப் பேர் டீக்கும் வந்தார்கள். திசைகாட்டியை நீட்டி வடக்கு எது என்று கேட்டால், செஞ்சி பஸ் நிற்கிற பக்கம் என்பார்கள். அதற்கும் மனுஷர் சளைக்கவில்லை.

பொதுநலம் என்று ஊர் மெச்சியது. பொதுநலமாவது மண்ணாவது! காரணம் மருமகன். மகள் செந்தாமரை மரக்காணம் பக்கத்துக் குப்பத்து மீனவன் அய்யப்பனைக் காதலித்துக் கட்டிக்கொண்டாள். பனியனைத் தவிர வேறு பாதுகாப்பில்லாமல் தினமும் கடலுக்குப் போகிறவன். லைஃப் ஜாக்கெட் போடச் சொன்னால், கடலம்மாவை நம்பாதவன் என்று குப்பமே சிரிக்கும் என்றான். மகள் தாலியறுத்து வந்து நிற்பாளோ என்று தேவநாதனுக்குப் பயம். ஒருத்தனைப் போடவைக்க, அவன் காதுக்கு எட்டட்டும் என்று ஊருக்கே பாடம் நடத்தினார்.

2009 மாசி மகத்துக்கு முன்னால் வகுப்பைக் குப்பத்துக்கே கொண்டுபோனார், கைக்காசில் வாங்கிய ஆறு ஜாக்கெட்டுகளோடு. மரியாதைக்குக் குறைவில்லை. நாற்காலி போட்டு, சோடா கொடுத்து, கைதட்டினார்கள். ஜாக்கெட்டுகளுக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கோயிலில் கொண்டுபோய் வைத்தார்கள். புது வலையோ புது இன்ஜினோ, அந்தக் குப்பத்தில் எதுவும் முதலில் அம்மனுக்குத்தான். கோயில் வாசலையே மிதிக்காத கருப்புச் சட்டைக்காரர் தேவநாதனுக்கு இது எங்கே தெரியப்போகிறது.

மாசி மகத்தன்று மர அம்மனைப் படகில் ஏற்றிக் கடலாட்ட எடுத்துப்போனார்கள். கொள்ளாத கூட்டம். ஒருத்தர் உடம்பிலும் ஜாக்கெட் இல்லை. ஆறும் அம்மன் மேல் இருந்தன. பக்கிள்கூட வகுப்பில் சொன்னபடியே பூட்டியிருந்தது. பாடம் வீண்போகவில்லை.

"மாப்ள, அது மனுஷன் போட்டுக்கிறதுப்பா," என்றார் தேவநாதன்.

"அம்மாளுக்குச் சாத்திட்டுதான் மாமா நாங்க போடணும். ஜல்தி ஏறுங்க," என்றான் அய்யப்பன்.

கற்பூரம் காட்டியதும் அத்தனை பேரும் ஒரே பக்கம் சாய்ந்து கும்பிட்டார்கள். படகில் ஒரே பக்கம் சாயக் கூடாது என்பதுதான் வகுப்பின் முதல் பாடம். படகு கவிழ்ந்தது. குப்பத்தார் நீந்தினார்கள். முப்பது வருஷம் தண்ணீர்மேலேயே பிழைத்த தேவநாதனுக்கோ நீச்சல் தெரியாது. அய்யப்பன் அவர் காலரைப் பிடித்து இழுத்து, ஜம்மென்று மிதந்துகொண்டிருந்த அம்மனைக் கட்டிக்கொள்ள வைத்தான். கரைக்கு வந்த பிறகும் கருப்புச் சட்டைக்காரர் பிடியை விடவில்லை.

எல்லோரும் பிழைத்தார்கள். காப்பாற்றியது அம்மன்தான் என்று குப்பம் முடிவுகட்டியது. வாத்தியார் பேரை ஒருத்தரும் எடுக்கவில்லை. ஆனால் அம்மனுக்குச் சாத்திக் கழற்றியது பிரசாதம் அல்லவா? அம்மன் புடவைக்கு அடித்துக்கொள்வதுபோல ஜாக்கெட்டுக்கு அடித்துக்கொண்டார்கள். ஒன்று அய்யப்பனுக்குக் கிடைத்தது. அதைப் போடாமல் அவன் அதற்கப்புறம் கடலில் கால் வைக்கவில்லை.

தேவநாதனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்தியவன் நான், பேர் மரக்கட்டைக்கா என்று மகளிடம் பொரிந்தார்.

செந்தாமரை மீன் அலசிக்கொண்டே கேட்டாள்: "எதுக்காகப் போட்டா இன்னாப்பா? அவரு வூடு வந்து சேர்றாரு இல்ல?"

அடுத்த வாரம் புது ஜாக்கெட் மூட்டையோடு அவரே கோயிலுக்குப் போனார். செருப்பை எங்கே விடுவதென்றுகூடத் தெரியவில்லை. பூசாரி விருத்தாசலம் ஜாக்கெட்டுகளை அம்மனுக்குச் சாத்திவிட்டு, அர்ச்சனை யார் பேருக்கு என்று கேட்டார்.

"அய்யப்பன். கேட்டை நட்சத்திரம்," என்றார் தேவநாதன்.

பூசாரி நட்சத்திரம் கேட்கவே இல்லை.