ஏழு டிகிரியில் நிற்க வேண்டிய மவுண்ட்

1. பங்களாவை மூடும் கூட்டம்

நான் அந்த பங்களாவில் வேலைக்குச் சேர்ந்து எட்டாவது மாதம். ஒரு நாள் காலையில் நாங்கள் நோனா என்று கூப்பிடும் முதலாளியம்மா எங்கள் ஏழு பேரையும் சமையலறைக்குப் பின்னால் கூப்பிட்டு, சித்திரை வருடப் பிறப்போடு இடத்தை மூடப்போவதாகச் சொன்னார்.

தெரணியகலைக்கு மேலே, ரப்பர் முடிந்து தேயிலை தொடங்குகிற உயரத்தில் இருந்த பழைய துரை பங்களா அது. நோனா அதை வாங்கி, வெளிநாட்டு விருந்தாளிகள் தங்கும் இடமாக மாற்றியிருந்தார். வடக்கில் சண்டை மறுபடியும் மூண்ட பிறகு விருந்தாளிகள் வருவது நின்றுவிட்டது. அவர் சிங்களப் பெண்மணி. தோட்டத்து ஆயாவிடம் வளர்ந்ததால் எங்கள் தமிழையே பேசுவார்.

"மூடுறதுனு சொன்னா மூடுறதுதான். பொய் சொல்லி ஒங்கள வச்சிக்க மாட்டேன்," என்றார். பிறகு கையில் இருந்த தாளைக் காட்டினார். "ஒரே ஒரு வழி இருக்கு. இவங்க வந்து, வேலை சரியா நடந்தா."

வானத்தைப் படம் எடுக்கும் ஆறு வெள்ளைக்காரர்கள் எழுதிய மின்னஞ்சல் அது. பெப்ரவரியில் பத்து நாள் தங்கித் தெற்கு வானத்தைப் படம் எடுக்க வேண்டும். டெலஸ்கோப் குழாயையும் கெமராவையும் அவர்களே கொண்டு வருவார்கள். அதைத் தாங்கித் திருப்புகிற மவுண்ட் விமானத்தில் கொண்டுவர முடியாத பாரம். அதை பங்களா வாங்கி வைக்க வேண்டும். கம்பியூட்டரில் இயங்குவதாக, பன்னிரண்டு கிலோ சுமப்பதாக, ஐந்து நிமிடம் தொடர்ந்து திறந்து வைத்து எடுக்கும் படத்தில் நட்சத்திரம் புள்ளியாக நிற்பதாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் வருடா வருடம் வருவார்கள்.

வாங்கும் பொறுப்பை நோனா கிளாக்கர் சிவநாதன் ஐயாவிடமும் என்னிடமும் கொடுத்தார். ஐயா யாழ்ப்பாணத்துக்காரர், கணக்கும் ஆங்கிலமும் தெரிந்தவர். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ரப்பர் வெட்டி, குருவிட்டையில் மாணிக்கக் குழிக்குத் தண்ணீர் இறைத்து, தேயிலை ஃபெக்டரியில் ஃபிட்டருக்கு எடுபிடியாக இருந்து, கொழும்பில் கெமரா பழுது பார்க்கும் கடையிலும் இரண்டு வருடம் உட்கார்ந்திருந்தேன். எந்த இடத்திலும் நிலைத்ததில்லை. இந்த இடத்தை மட்டும் விடக்கூடாது என்று அன்று நினைத்தேன். சமையல் பார்வதி அக்கா அன்று பேசாமல் தேங்காய் துருவிய சத்தம் அதற்கு ஒரு காரணம். இந்த வேலை போனால் அவர் ஐம்பது வயதில் மறுபடியும் கொழுந்துக் கூடை கட்ட வேண்டும்.

2. தானாகத் தேடும் மெஷின்

கொழும்புக் கடையில் எங்களுக்கு முதலில் காட்டியது கவட்டைபோல் இரண்டு கை வைத்த மவுண்ட். பார்க்க அழகாக இருந்தது. கையில் பிடிக்கும் பெட்டியில் நட்சத்திரத்தின் பெயரை அழுத்தினால் அதுவே மேலும் கீழும், இடமும் வலமும் திரும்பித் தேடிப் பிடித்துக்கொள்ளும்.

"நீங்க ஒண்ணுமே செய்ய வேணாம் அண்ணே. நாப்பதாயிரம் நட்சத்திரம் இதுக்குள்ள இருக்கு," என்றார் விற்பனைக்காரர்.

ஐயாவுக்கு அப்போதே மனம் முடிந்துவிட்டது. "பிறகென்ன, கொம்பியூட்டரே எல்லாம் பாக்குது. இதை எடுப்பம்."

"ஐயா, ரெண்டு நாள் பொறுத்து எடுப்போங்க."

"ஏன் காணும்? உமக்கு இதில என்ன விளங்கேல்லை?"

எனக்கு என்ன விளங்கவில்லை என்பதே விளங்கவில்லை. ஒரு மெஷினை ஃபெக்டரிக்குள் எடுக்கும் முன் அது எங்கே சிக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பது மட்டும் ஃபிட்டரிடம் பார்த்த பழக்கம். வாங்கினால் திருப்பிக் கொடுக்க முடியாது என்று ரசீதுப் புத்தகத்திலேயே அச்சடித்திருந்தார்கள். நான் விலைப்பட்டியல் புத்தகங்களை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். வரும் வழியில் அவிசாவளையில் தேநீர் குடிக்க இறங்கியபோது ஐயா தனக்கு மட்டும் சொன்னார்.

3. முயல்

அந்த வாரம் பௌர்ணமி. அந்திப் பொழுதில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தபோது கிழக்கே நிலா ஏறியது. அதில் முயல் தெரிந்தது. அதைப் பார்த்ததும் ஏதோ இடித்தது. ரப்பர் வெட்டப் போன காலத்தில் விடியற்காலையில் மேற்கே நிலா இறங்கும்போது இந்த முயலைப் பார்த்திருக்கிறேன். அது இப்படியா இருந்தது?

ஒரு தாளில் நிலாவை வட்டமாகப் போட்டு, முயலை இருந்தபடியே வரைந்தேன். விடியற்காலையில் எழுந்து இன்னொரு தாளில் வரைந்தேன். இரண்டையும் சமையலறை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இரண்டாவது தாளில் முயல் தலைகீழாக இருந்தது.

பார்வதி அக்கா எட்டிப் பார்த்தார். "ஏன் மருத, வேலை போகப் போகுதுன்னு பைத்தியம் புடிச்சிருச்சா? முயலுக்கு வாதமா?"

"அக்கா, ராத்திரி முழுக்க நிலா மேல ஏறி எறங்குறது மட்டும் இல்ல. கூடவே உருளுது."

"அது எங்க அம்மாவுக்கே தெரியும். நீ போயி வெறக எடு."

நான் ஐயாவிடம் ஓடினேன். கவட்டை மவுண்ட் மேலும் கீழும் போகும், இடமும் வலமும் போகும். ஆனால் தன் தலையைச் சாய்க்காது. வானம் உருளும்போது அது நேராகவே பிடித்துக்கொண்டு நின்றால், நடுவில் உள்ள நட்சத்திரம் நிற்கும், ஓரத்தில் உள்ளதெல்லாம் வளைவாக இழுபடும். கண்ணால் பார்க்கிறவனுக்கு அது தெரியாது. ஐந்து நிமிடம் திறந்து வைக்கும் கெமராவுக்குத் தெரியும்.

ஐயா இரண்டு தாளையும் கையில் எடுத்து ஒன்றைத் தலைகீழாகத் திருப்பினார். பிறகு கடைக்குத் தொலைபேசி எடுத்தார். மறுமுனையில் இருந்தவர் சற்று இழுத்து, "ஓ, படம்னா கொஞ்சம் சுத்தும்தான். ஆனா பாக்கிறதுக்கு ரொம்ப நல்லா இருக்கும் சேர்," என்று சொன்னாராம்.

ஐயா ரிசீவரை வைத்தார். "படிச்சவன் நான். எனக்கு ஏன் இது ஓடேல்லை?" என்றார். பிறகு, "நாளைக்குப் போவம். நீரே பாரும். நான் வாயே திறக்கமாட்டன்."

4. டங்

அடுத்தது ஈக்குவடோரியல் மவுண்ட். அழகில்லாத இரும்பு. இதில் ஓர் அச்சு வானம் சுற்றுகிற அச்சுக்கு நேராகச் சாய்ந்து நிற்கும். அப்படி நின்றால் வானம் உருள்கிறபடியே குழாயும் உருளும். எவ்வளவு சாய்க்க வேண்டும் என்பது நாம் நிற்கும் அகலக்கோட்டைப் பொறுத்தது. எங்கள் மலைக்கு ஏழு டிகிரி. ஐயா தேசப்படத்தில் பார்த்து எழுதித் தந்திருந்தார்.

"இதை ஏழுல வச்சிக் காட்டுங்க," என்றேன்.

விற்பனைக்காரர் திருகைத் திருப்பினார். அளவுத் தகட்டில் முள் இருபதுக்கு வந்து நின்றுவிட்டது.

"ஒலகம் பூரா விக்கிற சாமான் அண்ணே இது."

"நம்ம ஊரும் ஒலகத்துலதானே இருக்கு?"

சிரித்துக்கொண்டே உள்ளேயிருந்து இன்னொன்றை எடுத்து வந்தார். இது இன்னும் பாரம். முள் ஏழுக்கு வந்தது. ஐயா நிம்மதியாக மூச்சு விட்டார். நான் கடையில் இருந்த ஒரு டெலஸ்கோப் குழாயை ஏற்றச் சொன்னேன். குழாய்க்கு எதிர்ப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியில், அதைச் சமன்செய்யும் இரும்பு எடையான கவுண்டர்வெயிட்டையும் மாட்டச் சொன்னேன். பிறகு கையால் மெதுவாகச் சுற்றினேன்.

டங்.

கவுண்டர்வெயிட், மவுண்டைத் தாங்கும் ட்ரைபொட்டின் மூன்று கால்களில் ஒன்றில் இடித்து நின்றது. குளிர் நாடுகளில் அச்சு உயரச் சாய்ந்து நிற்பதால் வெயிட் காலை விட்டு விலகிப் போகும். நம் பக்கத்தில் அச்சு ஏறக்குறைய படுத்துக்கொள்வதால் வெயிட் நேராகக் காலுக்குள் இறங்குகிறது. இது புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லை. மாட்டிச் சுற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

"இதுவும் சரி வராதா?" என்றார் ஐயா.

நான் மவுண்டின் அடியை அளந்தேன். கால்கள்தான் விரிந்திருந்தன, மவுண்டின் உடம்பு ஒடுக்கம்தான். கால்களுக்குப் பதிலாக ஒல்லியான ஓர் இரும்புத் தூண் இருந்தால் வெயிட் இடிக்காமல் போகும். மூன்று தடவை அளந்தேன். கடை பூட்டும் நேரமாகிவிட்டது. விற்பனைக்காரர் சாவியை ஆட்டிக்கொண்டு நின்றார்.

"இதையே கட்டுங்க," என்றேன்.

5. கேந்தரம்

பங்களாவின் வான் வண்டியில் திரும்பினோம். நான்தான் ஓட்டினேன். ஹங்வெல்லைக்கு இப்பால் சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். ஐயாவின் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். பின்னால் மூன்று இரும்புக் கால், வட்டமான கனத்த இரும்பு, வயர், மின்கலம். சிப்பாய் ட்ரைபொட்டைப் பார்த்ததும் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கினான். அவன் அதை ஏதோ பெரிய துப்பாக்கியைப் பூட்டும் கால் என்று நினைத்தது எனக்குப் புரிந்தது.

இறங்கி, கையை விரித்துக் காட்டிச் சிங்களத்தில் சொன்னேன்: "தரு பலன எகக் மஹத்தயா." நட்சத்திரம் பார்க்கிற ஒன்று என்று.

அவன் என்னையும் ஐயாவையும் மாறி மாறிப் பார்த்தான். "கேந்தர பலனவத?" சாதகம் பார்ப்பீர்களா என்று கேட்கிறான்.

நான் சிரிக்கவில்லை. ரசீதையும் நோனாவின் கடிதத்தையும் நீட்டினேன். படித்துவிட்டு, மற்றவனைக் கூப்பிட்டுக் காட்டினான். எனக்கு எப்போது லீவு கிடைக்கும் என்று உன் மெஷினிடம் கேட்டுச் சொல் என்றான் மற்றவன். ஒரு மணி நேரம் எல்லாப் பெட்டியையும் பிரித்துப் பார்த்துவிட்டுப் போக விட்டார்கள். அவிசாவளை தாண்டியதும் ஐயா, "நீர் இல்லாட்டி நான் இண்டைக்கு உள்ளுக்குத்தான்," என்றார். நான் வீதியைப் பார்த்து ஓட்டினேன்.

6. ஃபிட்டர் பழக்கம்

ஃபெக்டரி பழைய சாமான் குவியலில் ஆறு அங்குல இரும்புக் குழாய் ஒன்று கிடைத்தது. மூன்றடி ஆழம் குழி வெட்டி, கொங்கிரீட் போட்டு அதைத் தூணாக நிறுத்தி, உள்ளே மணல் நிரப்பினேன். கவுண்டர்வெயிட் தூணை விட்டு இரண்டு விரல் இடைவெளியில் போனது.

அடுத்தது வடக்கு. மவுண்டின் அச்சைத் துருவ நட்சத்திரம் நிற்கும் பக்கத்துக்கு நேராக வைக்க வேண்டும். துருவ நட்சத்திரம் எங்கள் ஊரில் ஏழு டிகிரி உயரத்தில்தான் நிற்கும். அங்கே எங்களுக்கு மலையும் ரப்பர் மரமும். ஒரு நாளும் அதைக் கண்டதில்லை. ஆகவே தெற்கே ஒரு நட்சத்திரத்தைக் கண்வில்லையின் குறுக்குக் கம்பியில் வைத்து, அது மேலே நழுவுகிறதா கீழே நழுவுகிறதா என்று பார்த்து, மவுண்டை மயிரிழை மயிரிழையாகத் திருப்ப வேண்டும். மழையில்லாத பதினொரு இரவுகள் இதற்கே போயின. முழங்கால்வரை அட்டை கடித்த தழும்பு.

விருந்தாளிகள் வருவதற்கு முந்திய நாள் நான் ஒரு தப்புச் செய்தேன். மவுண்டின் தலையைப் பிடித்து ஆட்டினால் கியரில் துளி ஆட்டம் இருந்தது. தேயிலை ரோலரில் வேலை செய்தவனுக்கு ஆட்டம் என்றால் ஆகாது. ஃபிட்டர் பார்த்தால் காதைத் திருகுவார். நான் திருகை இறுக்கி ஆட்டத்தை எடுத்துவிட்டேன். பெருமையாக மோட்டரைப் போட்டேன். அது அழுதுகொண்டு கொஞ்சம் திரும்பி, நின்றுவிட்டது.

நோனா வெராந்தாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன சத்தம் அது?"

"பாத்துக்கிட்டு இருக்கேங்க நோனா."

"நாளைக்கு அவங்க வர்றாங்க மருத."

"தெரியுங்க."

பயத்தில் அவிழ்த்தால் இன்னும் கெடும் என்று கையைக் கட்டிக்கொண்டு சிறிது நேரம் உட்கார்ந்தேன். ரோலர் தேயிலையை நசுக்குகிறது. அதற்கு இறுக்கம் வேண்டும். இது எதையும் நசுக்கவில்லை. ஒரு நாளுக்கு ஒரு சுற்று என்று நகர்கிறது. பல்லுக்கும் பல்லுக்கும் இடையே மூச்சு விட இடம் வேண்டும். சிகரெட் தாளை இடையில் வைத்து, அது கிழியாமல் வருமளவுக்குத் தளர்த்தினேன். மோட்டர் சத்தமில்லாமல் ஓடியது. இருட்டும்வரை பக்கத்திலேயே நின்றேன்.

7. பத்து நிமிடம்

குழுவுக்குத் தலைவி அறுபதைத் தாண்டிய ஒல்லியான பெண்மணி. வந்த அன்று தேநீர் குடிக்கும் முன்னே தூணிடம் போனார். உள்ளங்கையால் தட்டினார். குனிந்து கவுண்டர்வெயிட்டுக்கும் தூணுக்கும் உள்ள இடைவெளியில் தன் இரண்டு விரலை விட்டுப் பார்த்தார்.

இரவு ஏழரை மணிக்கு மேகம் விலகி வானம் தெளிந்தது. ஐந்து நிமிடப் படம் ஒன்று எடுத்தார். கம்பியூட்டரில் படத்தைப் பெரிதாக்கி முதலில் நடுவை அல்ல, நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். நாங்கள் ஏழு பேரும் வெராந்தாவில் நின்றோம். பார்வதி அக்கா கரண்டியைக் கீழே வைக்க மறந்து கையிலேயே பிடித்திருந்தார்.

அந்த அம்மா தன் ஆட்களிடம் ஆங்கிலத்தில் இரண்டு சொல் சொன்னார்.

"என்னா சொல்றாங்க? நல்லதா, கெட்டதா?" நோனாவுக்கு ஆங்கிலம் எங்கள் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். ஆனால் அன்று ஐயாவிடம் கேட்டார்.

"அடுத்த படம் பத்து நிமிசமாம்," என்றார் ஐயா.

ஐந்து நிமிடப் படத்தில் நட்சத்திரம் இழுபட்டிருந்தால் யாரும் பத்துக்குப் போகமாட்டார்கள். நோனா உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். பத்து நாள் முடிவில் அவர்கள் அடுத்த பெப்ரவரிக்கும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். சித்திரைக்குப் பங்களா மூடவில்லை. நான் ஒன்றரை வருடம் கழித்து வேறிடம் போனேன். அது என் கால்களின் குணம். மற்ற ஆறு பேரும் இருந்தார்கள்.

இப்போது இளைஞர்கள் சிலர் மவுண்ட் வாங்குவதைப் பற்றி என்னிடம் கேட்கிறார்கள். அதற்குள் எத்தனை ஆயிரம் நட்சத்திரம் இருக்கிறது என்று கடைக்காரர் சொல்வார், அதைக் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். முதலில் உங்கள் ஊரின் அகலக்கோட்டைச் சொல்லுங்கள். உங்கள் குழாயின் பாரத்தை ஏற்றி, கவுண்டர்வெயிட்டை மாட்டி, அந்த டிகிரியில் வைத்து, உங்கள் கையாலேயே ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். கடை பூட்டும் நேரம் என்பார்கள். இடிக்கிறதா இல்லையா என்று தெரியும்வரை சுற்றுங்கள்.