மாதா டாலர் மேல் போட்ட பழி

என் கணவர் குளச்சலில் மீன்பிடித் தொழில் செய்பவர். சில வருடங்களுக்கு முன் அவருக்கு இருமல் விடவே இல்லை. நாகர்கோவிலில் நெஞ்சு ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். உடம்பில் இருக்கும் உலோகத்தையெல்லாம் கழற்ற வேண்டுமாம். கடலுக்குப் போகத் தொடங்கிய நாள் முதல் கழுத்தை விட்டு இறங்காத மாதா டாலரை மட்டும் அவர் கயிற்றோடு முதுகுப் பக்கம் தள்ளி மறைத்துக்கொண்டார். நான் பார்த்தும் பேசாமல் இருந்தேன்.

பிறகு டாக்டர் கணினித் திரையைக் காட்டினார். வலது நுரையீரலில் சிவப்பு வட்டம். "புற்றுநோயா இருக்கலாம்னு கம்ப்யூட்டர் குறிச்சிருக்கு" என்றார். சட்டென்று எனக்கு டாலர் நினைவுக்கு வந்தது.

"டாக்டரே, அது இவரு மாதா டாலராக்கும்! கழட்டாமப் போயிட்டாரு."

என் கணவருக்கும் உயிர் வந்தது. "ஏட்டி, வா போவலாம்" என்று எழுந்தே விட்டார்.

"இருங்க" என்றார் டாக்டர். "டாலரும் படத்துல இருக்கு. இதோ, முதுகுக்கு வெளிய பளிச்சுன்னு கிடக்கு. அத உலோகம்னு கம்ப்யூட்டரே ஒதுக்கிட்டுது."

டாக்டர் திரையில் வட்டத்தைத் தொட்டதும், அதை ஏன் குறித்தது என்று பக்கத்தில் காரணங்கள் வந்தன. வாசித்துச் சொன்னார்: "இது நுரையீரலுக்கு உள்ள இருக்கு. ஓரமெல்லாம் முள்ளு முள்ளா நீட்டிட்டு நிக்குது. டாலருக்கு முள்ளு உண்டுமா அம்மா?"

எழுந்து நின்ற என் கணவரைக் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

ஆரம்பத்திலேயே அறுவை சிகிச்சை செய்ததால் அவர் இன்றும் கடலுக்குப் போகிறார். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் டாலரை நானே கழற்றி, கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே உட்காருகிறேன். நான் ஜெபம் சொல்வதாக அவர் நினைக்கிறார். சொல்கிறேன்தான். ஆனால் மறுபடியும் வட்டம் வந்தால், டாலர் மேல் பழியைப் போட்டு எழுந்து போக எனக்கு வழி இருக்கக் கூடாது.